மரம் நடும் முன் ஆட்களிடம் பேசுங்கள்: சீரழிந்த நிலத்தை மீட்பதன் சமூகப் பக்கம் – முழுமையான வழிகாட்டி

பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக அலையாத்திக் காடுகளை வளர்க்க நாற்று நட்டார்கள். பணமும் ஏராளமாகச் செலவானது. நீண்ட காலத்தில் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். நாற்றில் குறை இல்லை, நட்ட இடம்தான் தப்பு. அலையாத்தி இயல்பாக வளரும் கரையோரப் பகுதிகளில் பெரும்பாலானவை மீன், இறால் குட்டைகளாக மாறியிருந்தன. அவற்றுக்குக் குத்தகைதாரர்கள் இருந்தார்கள், கை வைத்தால் வழக்கு வரும். அதனால் யாரும் உரிமை கேட்காத, அலை நேராக வந்து மோதும் சேற்றுத்திட்டுகளில் போய் நட்டார்கள். கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இதைத் தாவரவியல் தோல்வி என்று அறிக்கையில் எழுதலாம். நிலத் தகராறைத் தவிர்க்கப் போய் வந்த வினை என்றுதான் நான் சொல்வேன்.

2021 முதல் 2030 வரையிலான காலத்தைச் சூழலமைப்பு மீட்புக்கான பத்தாண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. 2030க்குள் சீரழிந்த பகுதிகளில் குறைந்தது 30 சதவீதத்திலாவது மீட்புப் பணி நடக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. நல்லதுதான். ஆனால் இலக்கு ஹெக்டேரில் இருப்பதால் எல்லோரும் ஹெக்டேரையே எண்ணுகிறார்கள். அந்த நிலத்தை நம்பி இருப்பவர்களை எண்ண ஆளில்லை.

மொட்டையான குன்றோ, தூர்ந்த ஏரியோ, களைமரம் மண்டிய மேய்ச்சல் நிலமோ, எதை மீட்க நினைத்தாலும் ஒரு கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்: காத்திருக்கும் வருடங்களில் யார் இழக்கப் போகிறார்கள், பலன் வரும்போது யாருக்கு வரும்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

படி 1: அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

சும்மா கிடக்கும் நிலம் என்று எதுவும் கிடையாது. ஆவணத்தில் தரிசு என்று இருக்கலாம். அதிகாலையில் போனால் விறகு பொறுக்குபவர்கள் இருப்பார்கள். உச்சி வெயிலில் மாடுகள் நிழல் தேடி வந்திருக்கும். மாலையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இரவில் மணல் அள்ளுபவர்களும் வரலாம். வருடத்தில் இரண்டே மாதம் ஆடுகளோடு வந்து போகிற கூட்டம் ஒன்று இருக்கும். நீங்கள் ஆய்வு செய்த மாதத்தில் அவர்கள் இல்லையென்றால் உங்கள் திட்டத்திலும் இருக்க மாட்டார்கள். அடுத்த பருவத்தில் வந்து பார்க்கும்போது வழியில் வேலி நிற்கும். அவர்கள் வேலியைப் பிரித்தால் பழியும் அவர்கள் மேலேயே விழும்.

எனவே வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு பருவத்தில் நடந்து பாருங்கள். ஒரு நோட்டில் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: யார், எதை எடுக்கிறார்கள், எந்த மாதங்களில், எந்தப் பகுதியில், அது நின்றுபோனால் என்ன செய்வார்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: விறகு பொறுக்கும் பெண்கள்; வாரத்துக்கு மூன்று தலைச்சுமை; வருடம் முழுக்க; கிழக்குச் சரிவு; அதை மூடினால் அடுத்த இடத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேர நடை. ஐந்தாவது பத்தியை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும். திட்டத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள்.

வரைபடம் வேண்டுமென்றால் தரையிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு குச்சி, கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி, கூழாங்கற்கள், இலைகள். காகிதத்தை நீட்டினால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பேனாவைப் பிடித்துக்கொள்வார். தரையில் என்றால் பத்துப் பேர் குனிந்து திருத்துவார்கள். ஆண்கள் ஒரு படம், பெண்கள் தனியாக ஒரு படம், மேய்ப்பவர்கள் இன்னொன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குன்றைத்தான் வரைந்தார்களா என்று சந்தேகம் வரும். ஒருவர் படத்தில் பாதையே இல்லாத இடம் இன்னொருவர் படத்தில் தினசரி வழித்தடமாக இருக்கும். அழிப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உரிமை யாருடையது என்பதைக் கிளறுங்கள்

சங்கடமான வேலை இது. தள்ளிப்போடத்தான் தோன்றும்.

நிலம் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது, உதிரும் காய் பொறுக்குபவருடையது, நீர் ஊருக்குப் பொது, மீன் ஏலம் எடுத்தவருக்கு என்று ஒரே இடத்தில் ஐந்தாறு உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கும். பாதி எழுத்தில் இருக்கும், பாதி வழக்கத்தில். இரண்டையும் எழுதுங்கள். வழக்க உரிமையை விட்டுவிட்டுச் சட்ட உரிமையை மட்டும் பார்த்தால், பத்திரம் இல்லாத ஏழைகள்தான் முதலில் வெளியே போவார்கள்.

உரிமை சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நைஜர் நாடு சாட்சி. அங்கே மரம் அரசின் சொத்து என்பதுதான் பழைய சட்டத்தின் போக்கு. தன் வயலில் முளைத்த மரத்தை வெட்டினாலும் அபராதம். விவசாயி என்ன செய்வார்? வளரவே விடமாட்டார். 1980களின் நடுவில் அந்தப் பிடி நடைமுறையில் தளர்ந்தது. அதே காலத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மராடி பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்: வயல்களில் கிடந்த புதர்கள் உண்மையில் வெட்டிய மரங்களின் துளிர்கள், மண்ணுக்கு அடியில் வேர் உயிரோடு இருக்கிறது. புதிதாக நட வேண்டியதில்லை. சில தண்டுகளை மட்டும் விட்டுக் கழித்துப் பாதுகாத்தால் போதும். விவசாயிகள் செய்தார்கள், ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தார்கள். சில பத்தாண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. உத்தி எளிமையானது. ஆனால் வளர்த்த மரம் தனக்குத்தான் என்ற நம்பிக்கை இல்லாமல் அது ஒரு வயலைத் தாண்டியிருக்காது.

பழங்குடி மக்களின் நிலம் என்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், முன்கூட்டியே, முழுத் தகவலோடு, நெருக்கடி இல்லாமல் பெறும் ஒப்புதலைக் கேட்கிறது. திட்டமும் நிதியும் முடிவான பிறகு கையெழுத்து வாங்கப் போவது முன்கூட்டியே ஆகாது. வேண்டாம் என்றால் திரும்பிப் போகத் தயாராக இல்லாதவர்கள் கேட்பது ஒப்புதலும் அல்ல. அது வெறும் அறிவிப்பு.

படி 3: எந்த நிலைக்கு மீட்கப் போகிறோம்?

பழைய நிலைக்கு என்று சொல்வது சுலபம். எந்தப் பழையது? தாத்தாவின் நினைவில் அது அடர்ந்த காடு, பாட்டியின் நினைவில் நல்ல புல் விளைந்த திடல். சூழலியல் ஆய்வாளர் இன்னும் பழைய ஒரு காலத்தைக் காட்டுவார். மூவரும் பொய் சொல்லவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இயற்கையான புல்வெளிகளை அழிந்த காடு என்று எண்ணி மரம் நட்ட திட்டங்கள் பல நாடுகளில் உண்டு. புல்வெளி போனால் புல்வெளிப் பறவைகளோடு மேய்ப்பவர்களின் பிழைப்பும் போகும். இலக்கை முடிவு செய்யும் கூட்டத்தில் மேய்ப்பவர் ஒருவராவது உட்கார்ந்திருந்தால் இந்தத் தவறு பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

என்னென்ன இனங்கள் வேண்டும் என்று கேட்கும்போதும் பட்டியலைக் கையில் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லாதீர்கள். இங்கே முன்பு எது கிடைத்தது, இப்போது எதைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

படி 4: இழப்புக்கும் பலனுக்கும் கணக்குப் போடுங்கள்

இதில் நிறைய நேரம் செலவிடுங்கள்.

சண்டிகரில் 1958இல் உருவாக்கிய சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்துகொண்டே வந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்கள் மேலே சிவாலிக் மலையடிவாரத்தில் இருந்த சுக்கோமஜ்ரி என்ற சிற்றூரை அடைந்தார்கள். சரிவெல்லாம் ஆடு மாடு மேய்ந்து மொட்டையாகியிருந்தது. மேய்க்காதே என்றால் யார் கேட்பார்கள்? மழையை நம்பிய துண்டு நிலம், கால்நடைதான் காப்பீடு. பி.ஆர். மிஸ்ரா தலைமையில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தார் 1970களில் அங்கே சிறு மண் அணைகள் கட்டினார்கள். தேங்கிய நீர் வயலுக்குப் பாய்ந்து விளைச்சல் கூடியது.

ஆனால் அணைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த சிலருக்குத்தான் நீர் போனது. அப்புறம் மற்றவர்கள் எதற்காக மேய்ச்சலை நிறுத்த வேண்டும்? அந்த எதிர்ப்பு வந்தபோது எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் திருப்பம்: நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம பங்கு. நிலமே இல்லாத குடும்பத்துக்கும் உண்டு, வேண்டுமானால் அவர்கள் அதை விற்கலாம். அதன் பிறகு சரிவுக்கு முள்வேலி தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பங்கு இருந்ததால் எல்லோரும் காவல். இதற்குச் சமூக வேலி என்ற பெயரே நிலைத்துவிட்டது. வெள்ளாடுகள் குறைந்து எருமைகள் கூடின, புல் திரும்பியது, ஏரிக்கு வரும் வண்டல் வெகுவாகக் குறைந்தது.

இதை உங்கள் இடத்தில் எப்படிச் செய்வது? படி 1இல் எழுதிய நோட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பத்தி சேருங்கள்: முதல் ஐந்து வருடத்தில் என்ன இழப்பார், அதன் பிறகு என்ன கிடைக்கும். இரண்டாவது பத்தி காலியாக இருக்கும் பெயர்களை வட்டமிடுங்கள். அவர்களுக்கு ஒன்று அமைத்துத் தர வேண்டும், இல்லையென்றால் திட்டத்தின் எல்லையை மாற்ற வேண்டும். விழிப்புணர்வு முகாம் நடத்திச் சரிக்கட்டுவது இரண்டிலும் சேராது. விறகு இல்லாதவருக்கு விறகின் தீமையைப் பற்றிய வகுப்பு எதற்கு?

முதல் பத்தியில் உள்ள இழப்பை ஈடுகட்டும் வழிகள் பல. முழு நிலத்தையும் ஒரே நேரத்தில் மூடாமல் துண்டு துண்டாகச் சுழற்சியில் மூடலாம். மேய விடாமல், புல்லை அறுத்து எடுத்துப்போக அனுமதிக்கலாம். சீனா 1999இல் சரிவு நிலங்களை மரமும் புல்லுமாக மாற்றச் சொன்னபோது, விளைச்சலை இழந்த விவசாயிகளுக்குத் தானியமும் பணமும் கொடுத்தது. தென்னாப்பிரிக்கா 1995இல் நீரை உறிஞ்சும் அயல் மரங்களை அகற்றும் பணியை அப்படியே வேலைவாய்ப்புத் திட்டமாக்கி, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் முன்னுரிமை தந்தது.

கூலி நல்ல பாலம்தான், ஆனால் அது மட்டுமே பாலமாக இருந்தால் சிக்கல். கூலி நின்ற மாதமே வேலையும் நிற்கும். அதைவிட மோசம், இது பணம் கொடுத்தவர்களின் காடு என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிடும். கூலி ஓடிக்கொண்டிருக்கும்போதே புல், தேன், மீன், நீர் என்று நிலத்திலிருந்து வரும் பங்கும் சிறிய அளவிலாவது தொடங்கிவிட வேண்டும்.

படி 5: கூட்டம் நடத்தும் விதம்

எல்லோரும் தலையாட்டினார்கள், தீர்மானம் நிறைவேறியது என்று எழுதிய கூட்டக் குறிப்புகள் எத்தனையோ. பெரிய மனிதர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தலையாட்டாமல் என்ன செய்வது? மறுப்பவர்கள் கூட்டத்தில் பேச மாட்டார்கள், அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருப்பார்கள். வருகைப் பதிவில் காணாமல் போகும் பெயர்களைக் கவனியுங்கள். உண்மையான வாக்கெடுப்பு அதுதான்.

நேரத்தை, கூலி வேலைக்குப் போகிறவர்களையும் வீட்டு வேலை பார்க்கும் பெண்களையும் கேட்டு வையுங்கள். அதிகாரம் உள்ளவரின் வீட்டு முற்றத்தில் நடத்தாதீர்கள். பெரிய கூட்டத்துக்கு முன் சின்னக் குழுக்களாகத் தனித்தனியே பேசிவிடுங்கள். பெரிய கூட்டத்தில், இந்தக் குழு இப்படிக் கேட்கிறது என்று நீங்கள் சொன்னால் தனி ஆள் மாட்டிக்கொள்ள மாட்டார்.

குழுவில் ஒப்புக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தால் அவர் பேசாமலே இருப்பார், அதைக் காட்டி பெண்களுக்கு ஆர்வம் இல்லை என்பார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் வனக் குழுக்களை ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால் கண்டது, நிர்வாகக் குழுவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெண்கள் இருந்தால்தான் அவர்கள் வழக்கமாக வருவதும் பேசுவதும் தெளிவாகக் கூடுகிறது என்பது. காடும் அப்படிப்பட்ட குழுக்களிடம் நன்றாகவே இருந்தது.

படி 6: விதிகளை அவர்களே எழுதட்டும்

பொது வளங்கள் கட்டாயம் அழியும், அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் தப்பும் என்று நீண்ட நாள் நம்பினார்கள். எலினோர் ஆஸ்ட்ரோம் உலகம் முழுக்கப் பாசனக் குழுக்கள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடிப் பகுதிகளைப் பார்த்துவிட்டு, மக்களே விதி போட்டுத் தலைமுறைகளாகக் காத்த இடங்கள் நிறைய உண்டு என்று காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

அவர் கண்ட பொதுத்தன்மைகள் களத்துக்கு அப்படியே பொருந்தும். எல்லை எது, உறுப்பினர் யார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதி அந்த இடத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விதியால் பாதிக்கப்படுபவர்களுக்கு அதை மாற்றும் உரிமையும் வேண்டும். காவல் காப்பவர் ஊருக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். தண்டனை படிப்படியாக ஏற வேண்டும். தகராறு வந்தால் பக்கத்திலேயே, செலவில்லாமல் தீர வழி வேண்டும்.

தண்டனை விஷயத்தில் புதியவர்கள் முறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவையே பெரிய அபராதம் என்று எழுதுவார்கள். அது வசூலாகாது. விதவை ஒருவரின் ஆடு உள்ளே போனால் யார் வசூலிப்பது? ஒரு முறை விட்டுவிட்டால் விதி செத்தது. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை சிறு தொகை, அதற்கு மேல் பங்கில் குறைப்பு என்று வைத்தால் நடைமுறைப்படும். வறட்சி வருடத்துக்கு எந்தத் துண்டைத் திறப்பது என்பதையும் நல்ல வருடத்திலேயே எழுதி வையுங்கள்.

பழைய விதிகள் புழக்கத்தில் இருந்திருந்தால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் சுகுமா மக்கள் வறண்ட காலத் தீவனத்துக்காக நிலத்தின் ஒரு பகுதியை மூடி வைப்பார்கள். இங்கிட்டிலி என்று பெயர். 1970களில் மக்களைக் கூட்டுக் கிராமங்களுக்கு மாற்றியபோது அந்த வழக்கம் நொறுங்கியது. 1986இல் தொடங்கிய அரசுத் திட்டம் அந்தப் பழைய முறையையே உயிர்ப்பித்தது. சுமார் 600 ஹெக்டேராகச் சுருங்கியிருந்த மூடிய நிலம், 2000களின் தொடக்கத்தில் மூன்று லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. வெளியார் கொண்டுவந்த விதியாக இருந்திருந்தால் இந்த வேகம் வந்திருக்காது.

படி 7: எதிர்ப்பவர்களோடும் உட்காருங்கள்

மீட்பு வேலையில் எல்லோரும் ஒத்துப்போகும் நாள் வராது. அமெரிக்காவில் கிளாமத் ஆற்றில் 2002இல் பல்லாயிரக்கணக்கான சால்மன்கள் செத்து மிதந்தன. மீனை நம்பிய யூரோக், கருக் போன்ற பழங்குடியினர் ஒரு பக்கம், பாசன விவசாயிகள் மறுபக்கம், நடுவில் ஆற்றில் அணைகள் வைத்திருந்த மின் நிறுவனம். பல ஆண்டுப் பேச்சுக்குப் பின், நான்கு அணைகளை அகற்றுவது, நீரைப் பகிர்வது பற்றிய ஒப்பந்தங்கள் 2010இல் கையெழுத்தாயின. அவற்றில் ஒன்று, நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் 2015 முடிவில் காலாவதியானது. மறுபடி பேசி, அணை அகற்றும் ஒப்பந்தத்தை 2016இல் திருத்தினார்கள். நான்கு அணைகளையும் அகற்றி முடித்தது 2024இல். அணையை உடைத்த வேலை இரண்டு வருடத்துக்கும் குறைவு, பேச்சுக்குப் போனது இருபது வருடம். மூன்று வருட நிதியோடு வருபவர்கள் இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்ப்பவர் என்ன கேட்கிறார் என்பதைவிட எதற்காகக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். ஏரியின் எல்லைக் கல்லை எதிர்ப்பவருக்கு ஏரி மேல் கோபம் இருக்காது. தன் பயிருக்கு இழப்பீடு கிடைக்காது என்ற பயம்தான் இருக்கும். பயம் என்றால் பேசித் தீர்க்கலாம். பேராசை என்றால் சட்டம்தான் வழி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஆரம்பத்தில் எழுதிய நோட்டு உதவும்.

படி 8: மனிதர்களின் நிலையையும் அளவிடுங்கள்

எத்தனை நாற்று நட்டோம் என்பது அளவே அல்ல. எத்தனை பிழைத்தது என்பது பாதி அளவு. சூழலியல் மீட்புக்கான சர்வதேசச் சங்கம் 2019இல் வெளியிட்ட தர வழிகாட்டியில், சூழல் மீட்சிக்கு ஒரு சக்கர வரைபடமும் சமூகப் பலன்களுக்குத் தனியாக இன்னொரு சக்கரமும் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. விறகுக்கு நடக்கும் நேரம், வறண்ட மாதங்களில் தீவனம் எங்கிருந்து வருகிறது, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், எத்தனை தகராறு வந்து எத்தனை தீர்ந்தது, கூலி எத்தனை நாள் தாமதமானது. இவற்றை ஆண்டுக்கு இருமுறை, உள்ளூர் இளைஞர்கள் இருவர் கேட்டு எழுதினால் போதும். விடையைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். கணக்கு வழக்கும் அதே கூட்டத்தில், அதே சத்தத்தில்.

படி 9: வெற்றிக்குத் தயாராகுங்கள்

தோல்விக்கு எல்லோரும் திட்டம் வைத்திருப்பார்கள். நிலம் நன்றாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. மொட்டைக் குன்றுக்கு யாரும் போட்டியிடவில்லை, பச்சைக் குன்றுக்கு வரிசையில் நிற்பார்கள். சுக்கோமஜ்ரியிலும் புல் வருமானம் தெரிய ஆரம்பித்ததும் அதில் வரியும் பங்கும் கேட்டு அரசுத் துறைகள் வந்தன. வேறு இடங்களில் விடுதி கட்டுபவர்கள் வருவார்கள், நிலத்தின் விலை ஏறும், குத்தகைக்கு உழுதவர் வெளியேறுவார். காட்டுப்பன்றி திரும்பி வந்து பயிரைக் கிளறும். மீட்டவர்களையே வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிப்பதும் நடக்கும்.

ஆகவே பயன்பாட்டு உரிமை எத்தனை வருடத்துக்கு, வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு, வெளியாருக்கு அனுமதி தருவது யார், பயிர்ச் சேதத்துக்கு எந்த நிதியிலிருந்து ஈடு என்பவற்றை, நிலத்துக்கு மதிப்பு இல்லாத முதல் வருடத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்போது கையெழுத்துப் போட யாரும் தயங்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் கோப்பு நகராது.

நீங்கள் விலகும் தேதியையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்து உரிமை, பதிவேடுகள், தரையில் போட்ட அந்த மூன்று வரைபடங்களின் படங்கள், அதிகாரிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து என எல்லாம் உள்ளூர்க் குழுவிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு பருவங்களுக்கு, கூப்பிட்டால் மட்டும் போங்கள்.